விஏவி கண்ட்ரோலர்: லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஏணியில் ஏறுங்கள்

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கட்டடம், ஆறாவது மாடி, அடுத்தடுத்து இரண்டு மீட்டிங் ரூம். இரண்டுக்கும் தனித்தனி விஏவி பாக்ஸ், அதாவது ரூமுக்குப் போகிற குளிர்காற்றைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. முதல் ரூமில் மே மாதத்தில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், டிஃப்யூஸரில் (சீலிங்கில் காற்று வெளியே வருகிற வாய்) யாரோ அட்டையை வெட்டி ஒட்டி வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ரூமிலிருந்து டேபிள் ஃபேன் கேட்டு மெயில் மேல் மெயில். நானும் கூட வேலை பார்த்த பையனும் பிஎம்எஸ் ரூமில் (கட்டடத்தின் ஏசியைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கிற இடம்) உட்கார்ந்து மூன்று நாள் கெயினை, அதாவது கண்ட்ரோலர் எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்கிற எண்ணை, கூட்டினோம், குறைத்தோம். வேர்க்கிற ரூம் 20 டிகிரி என்று திரை காட்டியது, சரி சென்சார் பழுது போல என்று அதற்கு ஒரு ஆஃப்செட் வேறு போட்டோம். நான்காம் நாள் குளிர்கிற ரூமுக்கே போய், சுவரில் இருந்த சென்சாரை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். அந்த ரூமின் எண் அசையவில்லை. பக்கத்து ரூமின் எண்தான் 20.3, 21.1, 22.4 என்று ஏறிக்கொண்டே போனது.

சென்சார் வயர் இரண்டும் இடம் மாறி இருந்தன, அவ்வளவுதான். இதில் கொடுமை என்னவென்றால் இந்தத் தப்பு தானாகவே பெரிதாகும்: குளிர்ந்த ரூமின் சென்சார் பக்கத்து ரூமின் டேம்பரை (காற்று வழியைத் திறந்து மூடுகிற தகடு) மூடச் சொல்லும், பக்கத்து ரூம் சூடாகும், அந்தச் சூட்டைப் பார்த்து இந்த ரூமின் டேம்பர் இன்னும் திறக்கும். எந்த டியூனிங்கும் இதைச் சரி செய்யாது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கண்ட்ரோலர் காட்டுகிற ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவையாவது கையால் தொட்டு உறுதி செய்யாமல் சாஃப்ட்வேரில் எதையும் மாற்றுவதில்லை. கீழே எழுதுவது அந்த வரிசைதான். புதிதாக கமிஷனிங் (மாட்டிய கருவியைச் சோதித்து ஓட விடுவது) செய்கிறவர்களுக்கும், ஃபெசிலிட்டி டீமில் இருந்துகொண்டு பழைய விஏவியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் உதவும்.

பாக்ஸுக்குள் நடப்பது

சீலிங்குக்கு மேலே ஒரு தகரப் பெட்டி. ஒரு பக்கம் வட்டமான இன்லெட், அதற்குள் காற்றை அளக்க சிலுவை மாதிரி ஒரு ஃப்ளோ பிக்கப், அதற்குப் பின்னால் டேம்பர், வெளியே டேம்பரைத் திருப்புகிற மோட்டாரான ஆக்சுவேட்டரும் கண்ட்ரோலரும். ஏஎச்யு, அதாவது காற்றைக் குளிர்வித்துத் தள்ளுகிற பெரிய யூனிட், எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே குளிரில், சுமார் 13 டிகிரியில், காற்றை அனுப்புகிறது. எந்த ரூமுக்கு எவ்வளவு காற்று என்பதை மட்டும் பாக்ஸ் முடிவு செய்கிறது.

கண்ட்ரோலருக்குள் இரண்டு லூப் ஓடுகின்றன. வெளி லூப் ரூம் வெப்பநிலையைப் பார்த்து "இப்போது 600 சிஎஃப்எம் வேண்டும்" என்று சொல்லும், சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று. உள் லூப் அந்த 600 வருகிற வரைக்கும் டேம்பரைத் திறந்து மூடும். எதற்கு இரண்டு? வீட்டில் கீழ்த்தளத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது மாடியில் யாராவது குழாயை மூடினால் நம் குழாயில் தண்ணீர் திடீரென்று வேகமாக வருமே, காற்று போகிற குழாயான டக்ட்டிலும் அதே கதைதான். பக்கத்து பாக்ஸ் மூடினால் இந்தப் பாக்ஸில் காற்று கூடும். உள் லூப் அதை உடனே பிடித்துவிடும், ரூம் குளிர்ந்த பிறகு தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் இது எல்லாம் காற்றின் அளவு சரியாகப் படிக்கப்பட்டால்தான். அங்கேதான் பாதிக் கட்டடங்கள் கோட்டை விடுகின்றன.

முதலில் கரண்ட்

பெரும்பாலான கண்ட்ரோலர்கள் 24 வோல்ட் ஏசியில் ஓடுபவை. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், லோடு இருக்கும்போது. கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு 27 வோல்ட் காட்டி, மாட்டியதும் 19க்கு விழுந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கவில்லை என்று அர்த்தம், ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் எத்தனை பாக்ஸ் தொங்குகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விஏ (வோல்ட் ஆம்பியர்) எடுக்கிறது என்று லேபிளைப் பார்த்துக் கூட்டுங்கள், ஆக்சுவேட்டரையும் சேர்த்து. ஹீட்டர் ரிலே இருந்தால் அதையும்.

இன்னொன்று, இதை யாரும் முதலில் சொல்லித் தர மாட்டார்கள். ஏசிதானே, எந்தப் பக்கம் மாட்டினால் என்ன என்று நினைக்கக் கூடாது. நிறைய கண்ட்ரோலர்கள் உள்ளே அரை அலையை மட்டும் எடுத்து டிசியாக மாற்றுகின்றன, அவற்றின் காமன் முனை நேராக கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டு கண்ட்ரோலரை மாட்டி, ஒன்றில் மட்டும் வயரை மாற்றிப் போட்டால், இரண்டின் காமன் வழியாக ட்ரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஒரு கலர் 24க்கு, ஒரு கலர் காமனுக்கு என்று மாடி முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டியூப், ஒரு தலைவலி

ஃப்ளோ பிக்கப்பிலிருந்து கண்ட்ரோலருக்கு இரண்டு மெல்லிய டியூப் வரும். ஒன்று காற்று வருகிற திசையைப் பார்த்த துளைகளிலிருந்து, அது ஹை. இன்னொன்று லோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது.

டியூப் இடம் மாறினால் வித்தியாசம் மைனஸில் வரும், நிறைய கண்ட்ரோலர்கள் அதைப் பூஜ்யம் என்று காட்டும். காற்றே இல்லை என்று நினைத்து டேம்பர் முழுக்கத் திறக்கும், இன்னும் பூஜ்யம், திறந்தது திறந்தபடியே நிற்கும். ரூம் குளிர் பெட்டி ஆகிவிடும். சோதிக்க எளிய வழி: ஏஎச்யு ஓடட்டும், டேம்பரைச் சாஃப்ட்வேரில் 50 சதவீதத்தில் பிடித்து நிறுத்துங்கள், ஏணியில் ஏறி லோ டியூபை மட்டும் கண்ட்ரோலரிலிருந்து உருவுங்கள். காட்டும் ஃப்ளோ ஏற வேண்டும். திரும்ப மாட்டிவிட்டு ஹை டியூபை உருவினால் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். தலைகீழாக நடந்தால் டியூபை மாற்றிப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

மடங்கிய டியூப், டக்ட் இன்சுலேஷனுக்கு அடியில் நசுங்கிய டியூப், பிக்கப்பிலிருந்து பாதி கழன்று தொங்குகிற டியூப், எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். அடைப்பு எடுக்க வாயால் ஊதுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஊதுவதென்றால் முதலில் கண்ட்ரோலர் பக்கத்தைக் கழற்றிவிடுங்கள், அந்தச் சென்சார் ஓர் அங்குலம் தண்ணீர் (ஓர் அங்குல உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம்) அளவு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது, உங்கள் நுரையீரலுக்காக இல்லை. சில கண்ட்ரோலர்களில் சென்சார் வழியாகக் கொஞ்சம் காற்று ஓடியே ஆக வேண்டும், அந்த வகையில் தூசி பெரிய எதிரி. ஒரு மாடியில் இன்டீரியர் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏஎச்யுவை ஓட்டி, ஜிப்சம் தூசியை எல்லாம் பிக்கப்புக்குள் அடைத்துவிட்டு, பிறகு ஆறு மாதம் கழித்து ஃப்ளோ தப்பாகக் காட்டுகிறது என்று புலம்புவது நம் ஊரில் சகஜம்.

பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டக்ட்டையும் பாருங்கள். இன்லெட்டுக்கு முன் டக்ட் விட்டத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நேராக இருக்க வேண்டும். நடைமுறையில் இடம் இல்லை என்று ஃப்ளெக்சிபிள் டக்ட்டை பாம்பு மாதிரி வளைத்து இன்லெட்டில் சொருகியிருப்பார்கள். காற்று சுழன்றுகொண்டு வரும், பிக்கப் படிக்கிற எண் நிலையாக நிற்காது. கண்ட்ரோலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, டக்ட் ஆளைக் கூப்பிடுங்கள்.

கே ஃபேக்டர்

ஒவ்வொரு பாக்ஸ் சைஸுக்கும் தயாரிப்பாளர் ஓர் எண் கொடுப்பார். பிக்கப்பில் ஓர் அங்குலம் தண்ணீர் அழுத்த வித்தியாசம் வந்தால் எத்தனை சிஎஃப்எம் ஓடுகிறது என்பதுதான் அது. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை எடுத்து இந்த எண்ணால் பெருக்கினால் காற்றின் அளவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 அங்குல பாக்ஸ், கே 1400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 900 சிஎஃப்எம், குறைந்தபட்சம் 270. 900 ஓடும்போது அழுத்தம் 0.41 அங்குலம், அதாவது சுமார் 103 பாஸ்கல். 270 ஓடும்போது வெறும் 9 பாஸ்கல். காற்று பாதியானால் அழுத்தம் கால்வாசி ஆகும், அதனால் கீழே போகப் போக சென்சாருக்குப் படிக்க ஒன்றுமே இருக்காது. குறைந்தபட்சத்தை 100 சிஎஃப்எம் என்று போட்டால் அழுத்தம் 1.3 பாஸ்கல், அங்கே சென்சாரின் பூஜ்யம் ஒரு பாஸ்கல் தள்ளியிருந்தாலே எண் குப்பை. பெரிய பாக்ஸ் நல்லது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

இப்போது யாரோ முந்தைய பாக்ஸின் ஃபைலை அப்படியே காப்பி அடித்து, 8 அங்குல பாக்ஸின் கே 900ஐ இந்த 10 அங்குல பாக்ஸில் விட்டுவிட்டார் என்று வையுங்கள். திரையில் 270 காட்டும், உண்மையில் 420 ஓடும். எல்லா டிரெண்ட் கிராஃபும் அழகாக இருக்கும், செட்பாயின்ட்டும் (கேட்ட அளவு) ஃப்ளோவும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓடும், ஆனால் காலையில் ஆள் இல்லாத நேரத்தில் ரூம் 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதனால் ஏணியில் ஏறியிருக்கும்போதே பாக்ஸின் இன்லெட்டை டேப்பால் அளந்து, லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் இருப்பது வேறு, சைட்டில் மாட்டியது வேறு.

சென்சாரின் பூஜ்யத்தையும் இதே கையோடு சரி செய்யுங்கள். ஏஎச்யுவை நிறுத்தி, அல்லது இரண்டு டியூபையும் உருவி வைத்து, ஜீரோ கேலிப்ரேஷன் கொடுங்கள். ஏஎச்யு ஓடிக்கொண்டிருக்கும்போது டேம்பரை மட்டும் மூடி ஆட்டோ ஜீரோ செய்கிற கண்ட்ரோலர்களும் உண்டு, டேம்பர் ரப்பர் கிழிந்து காற்று கசிந்தால் அந்தக் கசிவையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

சென்சாரும் ஆக்சுவேட்டரும்

ரூம் சென்சாரை உள்ளங்கையால் பொத்துகிற சோதனையை மேலே சொன்னேன், ஒரு மாடியில் ஐம்பது ரூம் இருந்தாலும் ஐம்பதுக்கும் செய்யுங்கள். ஒருவர் ரூமில், ஒருவர் லேப்டாப்பில், போனில் பேசிக்கொண்டே போனால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறுகிற சென்சார்) வகையில் ஒரு பொறி இருக்கிறது. 10 கே டைப் 2, டைப் 3 என்று இரண்டு உண்டு, இரண்டுமே 25 டிகிரியில் 10,000 ஓம். நம் ரூம்கள் 24, 25லேயே இருப்பதால் சாஃப்ட்வேரில் வகையை மாற்றிப் போட்டிருந்தாலும் ரூம் சென்சாரில் எதுவும் தெரியாது. பாக்ஸின் வெளிவாயில் இருக்கும் டிஸ்சார்ஜ் சென்சாரில்தான் பல்லிளிக்கும்: 10 டிகிரியில் ஒன்று கிட்டத்தட்ட 19,900 ஓம், மற்றது 18,800 ஓம், ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம். தெர்மாமீட்டரை வைத்து ஒப்பிடுவதானால் குளிர்ந்த காற்றில் ஒப்பிடுங்கள்.

ரூம் சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டிவிக்குப் பின்னால், காபி மெஷினுக்கு மேலே, மேற்கு வெயில் அடிக்கிற கண்ணாடிக்கு எதிரே என்று எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று. சுவருக்குள் வயர் வருகிற பைப் வழியாக சீலிங் காற்று வந்து சென்சாரின் முதுகில் அடிக்கும், அந்த ஓட்டையைக் கொஞ்சம் சீலன்ட் வைத்து அடையுங்கள்.

ஆக்சுவேட்டர் பெரும்பாலும் ஃப்ளோட்டிங் வகை. திற, மூடு என்று இரண்டே கட்டளை, டேம்பர் எங்கே நிற்கிறது என்று கண்ட்ரோலருக்கு உண்மையில் தெரியாது, எத்தனை விநாடி ஓட்டினோம் என்று எண்ணிக்கொண்டு ஊகிக்கிறது. முழுக்க மூடியதிலிருந்து முழுக்கத் திறக்க 95 விநாடி எடுக்கிற மோட்டாருக்கு சாஃப்ட்வேரில் 60 என்று போட்டிருந்தால் திரையில் தெரிகிற சதவீதம் எல்லாம் கற்பனை. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். டேம்பர் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு கோடு வெட்டியிருக்கும், அந்தக் கோடு எந்தப் பக்கம் நிற்கிறதோ பிளேடும் அந்தப் பக்கம்தான். மூடு என்று சொன்னபோது கோடு டக்ட்டுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். சில சமயம் மோட்டார் சுற்றும், ஷாஃப்ட் சுற்றாது. கிளாம்ப் போல்ட்டை யாரும் இறுக்கியிருக்க மாட்டார்கள்.

நெட்வொர்க்

இதுவரை ஒரு பாக்ஸ். இப்போது எல்லாவற்றையும் ஒரே வயரில் கோக்க வேண்டும். பேக்நெட் என்பது கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற பொது மொழி. சந்தையில் பெரும்பாலும் பேக்நெட் எம்எஸ்/டிபி, அதாவது ஆர்எஸ் 485 வயரில் ஓடுகிற பேக்நெட். ஆஷ்ரே என்கிற அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம் இந்தத் தரத்தை 1995இல் வெளியிட்டது, அதற்கு முன் ஒரு கம்பெனியின் கண்ட்ரோலர் இன்னொன்றோடு பேச வைப்பது தனி வித்தை.

வயர் ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று மாலை கோத்த மாதிரி போக வேண்டும், நடுவில் கிளை பிரியக் கூடாது. இரண்டு முனையிலும் மட்டும் 120 ஓம் டெர்மினேட்டர், அதாவது சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கிற மின்தடை. வயரைச் சுற்றியிருக்கும் ஷீல்டு வழி நெடுகத் தொடர்ந்து போய் ஒரே இடத்தில் கிரவுண்ட். பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்க வேண்டும், ஒன்று மாறினால் சில சமயம் அந்த ஒன்று மட்டும் காணாமல் போகும், சில சமயம் லைன் முழுக்கத் திணறும்.

டெர்மினேட்டர் சரியா என்று பார்க்க ஒவ்வொரு சீலிங் டைலையும் தூக்க வேண்டாம். எல்லா கண்ட்ரோலருக்கும் கரண்டை நிறுத்திவிட்டு பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். 60 பக்கம் காட்டினால் இரண்டு டெர்மினேட்டர், நல்லது. 120 என்றால் ஒன்றுதான் இருக்கிறது, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ நடுவில் ஒன்றை ஆன் செய்து வைத்திருக்கிறார். எனக்கு ஓர் அரை நாளை மிச்சப்படுத்திய வித்தை இது, ஒரு தடவை இல்லை, பல தடவை.

முகவரி பொதுவாக டிஐபி சுவிட்ச் என்கிற குட்டி சுவிட்ச் வரிசையில். ஒவ்வொரு சுவிட்சும் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று மதிப்பு, 37 வேண்டுமென்றால் 32, 4, 1 ஆகிய மூன்றையும் ஆன். மாஸ்டர் கண்ட்ரோலருக்கு 127 வரைதான் முகவரி. ஒரே லைனில் இரண்டு பேருக்கு ஒரே முகவரி இருந்தால் இருவரும் மாறி மாறி ஆன்லைன், ஆஃப்லைன் என்று கண்ணாமூச்சி ஆடுவார்கள். டிவைஸ் இன்ஸ்டன்ஸ் என்று இன்னொரு எண் உண்டு, அது கட்டடம் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும். மாடி எண், லைன் எண், முகவரி மூன்றையும் சேர்த்து எழுதினால் குழப்பமே வராது, ஆறாவது மாடி, இரண்டாம் லைன், 37 என்றால் 602037. மேக்ஸ் மாஸ்டரை, அதாவது எந்த முகவரி வரை தேட வேண்டும் என்கிற எண்ணை, பார்க்க மறக்காதீர்கள். லைனில் 40 பாக்ஸ்தான் என்றால் 127லேயே விட்டுவைத்தால் இல்லாத ஆட்களைத் தேடியே நேரம் போகும், அதற்காக 35 என்று குறைத்துவிட்டால் 35க்கு மேலே இருப்பவர்களுக்கு டோக்கன், அதாவது லைனில் பேசுகிற முறை, கிடைக்காது.

ஹுட் வைத்து அளப்பது

டிசைன் ஷீட்டில் இருக்கும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் போட்டுவிட்டு, பாக்ஸை அதிகபட்சத்தில் நிறுத்திப் பிடியுங்கள். அந்தப் பாக்ஸில் தொங்குகிற ஒவ்வொரு டிஃப்யூஸருக்கும் ஃப்ளோ ஹுட்டை (வெளியே வருகிற காற்றை மொத்தமாகப் பிடித்து அளக்கிற கருவி) வைத்து அளந்து கூட்டுங்கள். கண்ட்ரோலர் 820 காட்டுகிறது, ஹுட் கூட்டுத்தொகை 902 என்றால் விகிதம் 1.1, கே 1400ஐ 1540 ஆக்குங்கள். மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் குறைந்தபட்சத்தில் ஒரு தடவை. விகிதம் 1.5, 0.6 என்று வந்தால் கேயைத் திருத்திவிட்டு ஓடிவிடாதீர்கள், அது டியூபோ தப்பான சைஸோ கழன்றுபோன ஃப்ளெக்சிபிளோதான். கணக்கில் திருத்தினால் தப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

குறைந்தபட்சம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பாக்ஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 30, 40 சதவீதம் போடுவது பழைய பழக்கம். சென்னையில் பெரும்பாலான பாக்ஸில் ஹீட்டர் கிடையாது, அதனால் ஆள் இல்லாத மீட்டிங் ரூமுக்கு 13 டிகிரி காற்று 40 சதவீதம் போய்க்கொண்டே இருந்தால் அதைச் சூடாக்க ஒன்றுமில்லை. ஆட்களுக்குத் தேவையான புதுக்காற்று எவ்வளவு, சென்சார் நம்பகமாகப் படிக்கிற கீழ் எல்லை எவ்வளவு, இரண்டில் எது பெரியதோ அதைப் போடுங்கள்.

டேம்பர் ஆடிக்கொண்டே இருந்தால்

இப்போதுதான் டியூனிங். உண்மையைச் சொன்னால் பத்தில் ஒன்பது பாக்ஸில் ஃபேக்டரி மதிப்பே போதும். ஃப்ளோ நிலையில்லாமல் ஆடினால் முதலில் ஏஎச்யுவின் விஎஃப்டியை (ஃபேன் வேகத்தை மாற்றுகிற கருவி) மேனுவலில் ஒரு வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி பாக்ஸ் இல்லை, டக்ட்டுக்குள் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டாட்டிக் பிரஷர் லூப். அதை மெதுவாக்குங்கள். நிற்கவில்லை என்றால் பாக்ஸின் ஃப்ளோ லூப் கெயினைப் பாதியாக்கி, டெட்பேண்டை (கண்டுகொள்ளாமல் விடுகிற சின்ன வித்தியாசம்) கொஞ்சம் கூட்டுங்கள். 5 சிஎஃப்எம்முக்காக நாள் முழுக்க ஓடுகிற மோட்டார் இரண்டு வருடத்தில் போய்விடும். ரூம் லூப் வேகமாக இருக்கவே தேவையில்லை, சுவரும் மேஜையும் சூடாகிக் குளிர நேரம் எடுக்கிறவை, மிச்சமிருக்கும் வித்தியாசத்தை நேரம் போகப் போகச் சேர்த்துத் திருத்துகிற இன்டெகிரல் நிமிடக் கணக்கில் இருக்கட்டும். மாறுகிற வேகத்தைப் பார்த்துத் திருத்துகிற டெரிவேட்டிவைத் தொடாதீர்கள்.

ஏஎச்யு பக்கம் இரண்டு விஷயம். ஸ்டாட்டிக் பிரஷரை ஒரே எண்ணில் வருடம் முழுக்க நிறுத்தி வைப்பது வீண். ஆஷ்ரே கைட்லைன் 36 ட்ரிம் அண்ட் ரெஸ்பான்ட் என்று ஒரு முறை சொல்கிறது: பாக்ஸ்கள் காற்று போதவில்லை என்று கேட்காத வரை அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு, கேட்டால் ஏற்று. நல்ல முறை, ஆனால் மேலே சொன்ன மாதிரி டியூப் மாறிய ஒரே ஒரு பாக்ஸ் "போதவில்லை, போதவில்லை" என்று கத்திக்கொண்டே இருந்தால் மொத்த மாடியின் அழுத்தமும் உச்சியிலேயே நிற்கும். அப்படிப்பட்ட பாக்ஸைச் சரி செய்கிற வரை கணக்கிலிருந்து விலக்கி வையுங்கள்.

இரண்டாவது, காற்றின் குளிர். குளிர்கிறது என்று புகார் வந்ததும் சப்ளை காற்றை 13லிருந்து 17க்கு ஏற்றிவிடுவது எளிதான வழி, ஆனால் கடலோர ஊரில் அது வினை. குளிர்விக்கிற காயிலை விட்டு 13 டிகிரியில் வருகிற காற்று 24 டிகிரி ரூமில் கலந்தால் ஈரப்பதம் 50 சதவீதம் பக்கம் இருக்கும், 17 டிகிரி என்றால் 65, அதன்மேல் ஆட்களின் வியர்வையும் சேரும். ஐப்பசி மழையில் காகிதம் நமத்துப் போகும், கார்பெட் வாடை அடிக்கும். புகார் வந்த பாக்ஸின் குறைந்தபட்சத்தைப் பாருங்கள், எல்லோருக்கும் காற்றைச் சூடாக்க வேண்டாம்.

காலையில் ஏஎச்யு கிளம்பும்போது எல்லா டேம்பரும் மூடியிருந்தால் டக்ட் பலூன் மாதிரி உப்பும். ஃபேன் ஓடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே பாக்ஸ்களைத் திறக்கச் சொல்லுங்கள்.

ஹீட்டர் இருக்கிற பாக்ஸ்

அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி குளிர் நாடுகளில் பாக்ஸின் வாயில் வெந்நீர்க் காயிலோ எலெக்ட்ரிக் ஹீட்டரோ இருக்கும். அங்கே டூயல் மேக்சிமம் முறைதான் இப்போது நல்ல வழக்கம். குளிர் தேவைப்படும்போது காற்று அதிகபட்சத்திலிருந்து இறங்கி, குளிரும் சூடும் வேண்டாத இடைப்பட்ட டெட்பேண்டில் குறைந்தபட்சத்தில் நிற்கும். சூடு தேவைப்பட்டால் முதலில் அதே குறைந்த காற்றின் வெப்பநிலையை மட்டும் ஏற்றும், அது எல்லையைத் தொட்ட பிறகே காற்றைக் கூட்டும். அந்த எல்லை ரூம் செட்பாயின்ட்டுக்கு 11 டிகிரி மேல் என்று கைட்லைன் 36 வைத்திருக்கிறது, காரணம் எளிது, அதைவிடச் சூடான காற்று கீழே இறங்காமல் சீலிங்கிலேயே மிதக்கும், கீழே இருப்பவருக்குக் கால் சில்லிடும். எலெக்ட்ரிக் ஹீட்டரென்றால் காற்று ஓடாமல் அது எரியவே கூடாது. சாஃப்ட்வேர் இன்டர்லாக்கை மட்டும் நம்பாமல் ஏர்ஃப்ளோ சுவிட்சும் அளவுக்கு மீறிச் சூடானால் அணைக்கிற ஹை லிமிட் கட்டவுட்டும் வேலை செய்கின்றனவா என்று டேம்பரை மூடிச் சோதித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கண்ட்ரோலர் ஃபைலை பேக்கப் எடுத்து, ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் பாக்ஸ் எண், முகவரி, இறுதி கே, அதிகபட்சம், குறைந்தபட்சம், தேதி எல்லாவற்றையும் எழுதி பாக்ஸின் அடிப்பக்கம், கீழிருந்து டார்ச் அடித்தால் தெரிகிற மாதிரி ஒட்டுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், சீலிங் ஈரத்தில் அழிந்துவிடும், மார்க்கர் பேனாவில் எழுதுங்கள். டைலை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை மேலேயே விட்டுவிட்டு வரவில்லையே என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது ஒன்று அந்த ஆறாவது மாடியில் இன்னும் இருக்கிறது.